சிறு தீயும் பெருந்தீயும்: விக்டோரியக் காடுகளின் வரலாற்றுப் பாடம்



உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டிய இலையுதிர்கால வாரங்களில் மெல்பேண் நகரின் வானில் மெல்லிய புகை படர்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அது விபத்தன்று, காட்டுத்துறையினர் திட்டமிட்டு மூட்டும் தீயின் புகை. காட்டைக் காக்க வேண்டியவர்களே அதை எரிப்பது முறையா என்னும் கேள்வி புலம்பெயர்ந்து வந்த நமக்கு எழுவது இயல்பே. இம்மண்ணின் வரலாற்றை அறிந்தால் அதற்கு விடை கிட்டும்.

யூக்கலிப்டஸ் காடுகளில் சருகும் சுள்ளியும் உரிந்த பட்டையும் ஆண்டுதோறும் தரையில் குவிகின்றன. தீக்கு முதலில் இரையாவன அவையே. பூர்வகுடி மக்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். பருவமும் காற்றும் ஈரமும் பார்த்து, எரிக்கத் தகுந்த நிலப்பரப்புகளில் சிறு சிறு தீயாக மூட்டினர். அத்தீ புல்லைப் புதுப்பித்தது. வேட்டை விலங்குகளை ஈர்த்தது. பாதைகளைத் திறந்து வைத்தது. 1835ஆம் ஆண்டு முதல் ஐரோப்பியக் குடியேற்றம் இங்கு விரைந்து பரவியது. நோயாலும் வன்முறையாலும் அம்மக்களுள் பெரும்பாலோர் மாண்டனர். எஞ்சியோர் தம் நிலத்தினின்று அகற்றப்பட்டனர். அவர்களோடு அவர்களது தீயும் நிலத்தை விட்டு நீங்கியது.

1851 பெப்ரவரி 6ஆம் நாள், நெடிய வறட்சிக்குப் பின் வீசிய அனற்காற்றில், ஏறத்தாழ 50 இலட்சம் ஹெக்டேயர் நிலம் எரிந்தது. அது இன்றைய விக்டோரியாவின் கால்பங்கு. 1890இல் ஆல்பிரட் ஹோவிட் என்னும் ஆய்வாளர் கிப்ஸ்லாந்துக் காடுகளைப் பற்றி எழுதியபோது, பூர்வகுடியினரின் எரிப்பு நின்றபின் திறந்த வெளிகளில் இளமரங்கள் அடர்ந்து மண்டியதைக் குறிப்பிட்டார். ஆயினும் அவதானிப்பு ஏட்டில் இருந்தது, கொள்கையாக மாறவில்லை.

பின்னர் வந்தது 1939 சனவரி 13, 'கருப்பு வெள்ளி'. அக்கோடையில் எழுந்த தீயில் 71 பேர் மாண்டனர். ஏறத்தாழ 20 இலட்சம் ஹெக்டேயர் கருகியது. காட்டுக்குள் இயங்கிய மர ஆலைகள் பல தொழிலாளரோடு சிக்கின. நீதிபதி லெனார்ட் ஸ்ட்ரெட்டன் தலைமையில் அரச ஆணைக்குழு விசாரித்தது. அத்தீக்களுள் பெரும்பாலானவற்றை மூட்டியது மனிதர் கையே என்று அவர் கண்டார். மேய்ச்சலுக்கும் நிலந்திருத்தலுக்கும் பொறுப்பின்றி வைத்த தீயை அவர் கண்டித்தார். அதே வேளையில், காட்டுத்துறை செய்துவந்த முறையான எரிப்பு போதவே போதாது என்றும் சுட்டிக்காட்டினார். கண்ட நேரத்தில் மூட்டும் தீ வேறு, காலமறிந்து மூட்டும் தீ வேறு என்பதை அரச ஆவணம் ஒன்று தெளிவுற எடுத்துரைத்தது. எனினும் 1944இல் மீண்டும் பெருந்தீக்கள் எழுந்த பின்னரே, நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையத்தை அமைக்கும் சட்டம் பிறந்தது.

1961இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் ட்வெல்லிங்அப் என்னும் ஊர் எரிந்தழிந்தது. அம்மாநிலம் தன் தென்மேற்குக் காடுகளில் திட்டமிட்ட எரிப்பைப் பெரிதும் விரிவாக்கியது. விக்டோரியாவிலோ 2009 பெப்ரவரி 7இல், ஒரே நாளில் மூண்ட தீக்களால் 173 பேர் உயிரிழந்தனர். மீண்டும் ஓர் அரச ஆணைக்குழு கூடியது. ஆண்டுதோறும் பொது நிலத்தில் குறைந்தது 5 விழுக்காடு எரிக்கப்பட வேண்டும் என அது பரிந்துரைத்தது.

இவ்விடத்தில் வரலாறு இன்னொரு பாடமும் தருகிறது. பரப்பளவே இலக்கானால், ஆளரவமற்ற தொலைவிடங்களை எரித்துக் கணக்கை நிரப்புவது எளிது. ஊருக்கு அண்மையில், வீடுகளுக்கு நடுவில் எரிப்பதோ கடினம். காக்க வேண்டியதோ ஊர்களைத்தான். ஆகவே எத்தனை ஹெக்டேயர் எரித்தோம் என்று எண்ணுவதை விடுத்து, உயிருக்கும் உடைமைக்கும் உள்ள ஆபத்து எவ்வளவு குறைந்தது என்று அளக்கும் முறைக்குப் பின்னாளில் அரசு மாறியது.

எரிப்பு ஒன்றே எல்லாவற்றுக்கும் மருந்தாகாது என்பதையும் மறக்கலாகாது. கடும் வெப்பமும் சூறைக்காற்றும் கூடும் நாளில், முன்னரே எரித்த நிலத்தையும் தீ கடந்து செல்லக்கூடும். மலைச்சாரல்களில் ஓங்கி நிற்கும் மலை ஆஷ் மரங்களுக்கோ எரிப்பே பகை. கடுந்தீயில் அவை மடியும். விதையிலிருந்து முளைக்கும் கன்று மீண்டும் போதிய விதை தர ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் மறு தீ வந்தால் அக்காடே இல்லாது போகும். எனவே எங்கே எரிப்பது, எங்கே எரிக்காதிருப்பது என்று பகுத்தறிவதே நல்ல கொள்கை. இந்நுண்ணறிவை நாடியே இன்று அரசு பூர்வகுடி மக்களிடம் திரும்புகிறது. விக்டோரியாவின் மரபு உரிமையாளர்கள் தம் பண்பாட்டுத் தீக்கான செயல்நெறியை 2019இல் வெளியிட்டனர். வடக்கே ஆர்னம் நிலத்தில், 2006 முதல் ஓர் உடன்படிக்கையின் கீழ் அவர்களது காவலர்கள் வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே சிறு தீ மூட்டி, பிற்காலப் பெருந்தீயைக் குறைத்துவருகின்றனர்.

அன்பர்களே, மேற்சொன்ன ஆண்டுகளை வரிசையாக எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பேரழிவுக்குப் பின்னும் ஞானம் பிறந்தது. மழை பெய்து காடு பசுமையானதும் அக்கறை தளர்ந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் இக்குறையில் அரசுக்கு மட்டுமன்றி நமக்கும் பங்குண்டு. தீயில்லாத ஆண்டுகளில் தடுப்புப் பணிக்குச் செலவிடும் பணத்தை வீண் என்று நாம் முணுமுணுத்தால், எந்த அமைச்சர் அதற்கு நிதி ஒதுக்குவார்?

புகை துன்பந்தருவதே. ஆஸ்துமா உள்ளோர் எரிப்பு அறிவிப்புகளை முன்கூட்டியே பார்த்து, அந்நாட்களில் சன்னல்களை அடைத்து வீட்டினுள் இருங்கள். மருந்தைக் கையில் வைத்திருங்கள். மலையடிவாரப் புறநகர்களில் புதிதாக வீடு வாங்கியோர், கோடைக்கு முன்பே கூரை வடிகால்களில் சேர்ந்த சருகை அகற்றுங்கள். வெளியேறும் திட்டத்தைக் குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். தீத்தடுப்பைப் பற்றி உங்கள் நகரசபை கருத்துக் கேட்கும்போது சென்று பேசுங்கள். இது நாம் குடிபுகுந்த நாடு மட்டுமன்று, நம் பிள்ளைகளின் பிறந்த மண். அதன் காடுகளைப் பற்றிப் பேச நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

இறையாசீருடன்,
உங்கள் பங்குப் பணியாளன்