மணலும் எலியும் ஒரு மரபணுவும்

போன மாதம் மாட்டுத்தாவணியில் நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், மணவாளக்குறிச்சிக்காரர். மனைவிக்குப் புற்றுநோய். மதுரையில் மகள் வீட்டில் தங்கவைத்து வைத்தியம் பார்க்கிறார்.

"எங்க ஊரு மண்ணுலயே கதிரு இருக்குன்னு சொல்லுகாவ தம்பி. இப்ப அஞ்சு வாரம் தெனமும் கரண்டு வேற வைக்கணுமாம். அவ ஒடம்பு தாங்குமா?"

நான் படித்தது கம்ப்யூட்டர். "டாக்டர்ட்ட கேளுங்கய்யா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்ததைக் குறித்து வைக்கிறேன்.

முதலில் மண். 1909-இல் திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதில் தோரியம் இருக்கிறது. காஸ் விளக்கு மேண்டிலுக்கு (நம்ம பெட்ரோமாக்ஸில் கட்டுவோமே, அதேதான்) அன்று அது தேவைப்பட்டது. மணவாளக்குறிச்சியில் தொழிற்சாலை வந்தது அப்படித்தான்.

இதே மணல் கொல்லம் கடற்கரையிலும் உண்டு. 1960-களில் லண்டன் மரபியலாளர் ஹான்ஸ் க்ரூனபெர்க் குழுவினர் அங்கே எலி பிடித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணிலேயே வாழ்ந்த எலிகளின் எலும்பையும் பல்லையும் வெளியூர் எலிகளோடு ஒப்பிட்டார்கள். 1966-இல் வந்த அறிக்கை, சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றது. மனிதர்கள் விஷயத்தில் 1976-இல் ஓர் ஆய்வு டவுன் சிண்ட்ரோம் அதிகம் என்று சொல்லிப் பயமுறுத்தியது. பின்னால் நடந்த பிறந்த குழந்தைகள் ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை. கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு கண்காணித்து 2009-இல் வெளியான ஆய்வும், மண்ணின் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகக் காட்டவில்லை.

அப்படியானால் உடம்பு எப்படித் தாங்குகிறது? விடை கிடைத்தது, தாங்க முடியாதவர்களிடமிருந்து. அட்டாக்சியா டெலாஞ்சியெக்டேசியா என்று ஒரு அபூர்வ பரம்பரை நோய். அந்தக் குழந்தைகளுக்கு வழக்கமான அளவில் கதிர் சிகிச்சை கொடுத்தபோது உடல் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. 1975-இல் அவர்களின் செல்களைத் தனியே வளர்த்துக் கதிர்வீச்சில் வைத்துப் பார்த்தார்கள். மற்றவர்களின் செல்களைவிடச் சுலபமாகச் செத்தன. ஆக, பலவீனம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது. 1995-இல் இஸ்ரேலின் யோசெஃப் ஷிலோ குழு அந்த மரபணுவைப் பிடித்தது: ஏடிஎம், 11-ஆவது குரோமோசோமில். டிஎன்ஏ இழை அறுந்தால் அபாய மணி அடிப்பது இதன் வேலை. மணி அடித்தால் செல் பிரிவதை நிறுத்திவிட்டு முதலில் ரிப்பேர் பார்க்கும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும்.

நம் எல்லோருக்குள்ளும் இந்த ரிப்பேர் ஓயாமல் நடக்கிறது. மணல் தருவது ஆண்டுக்குச் சில மில்லிகிரே. சிகிச்சையில் கட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் ஒரு தடவைக்கு வழக்கமாக 2 கிரே, அதாவது 2000 மில்லிகிரே. இரண்டையும் கூட்டிப் பயப்பட வேண்டியதில்லை. அந்த அஞ்சு வாரக் கணக்கும் இதனால்தான். மொத்தத்தையும் ஒரே நாளில் வைத்தால் நல்ல செல்லும் தாங்காது. இன்றைக்குக் கொஞ்சம் கொடுத்து நாளை வரை விட்டால், நல்ல செல்கள் தங்களைச் சரி செய்துகொள்ளும். புற்றுசெல்கள் பெரும்பாலும் அந்த அளவுக்குத் தேறுவதில்லை.

பெரியவரின் நம்பரை வாங்கியிருக்கலாம். தினமும் பஸ் ஏறி இறங்கும் அந்த அம்மாவுக்கு, நடுவில் வரும் ஒவ்வொரு ராத்திரியும் வைத்தியத்தில் சேர்த்திதான் என்று சொல்லியிருப்பேன்.