படத்தின் தெளிவும் வரலாற்றின் தெளிவும்

ஒளியைப் பிடித்து வைக்கும் கலை உலகிற்கு முறையாக அறிவிக்கப்பட்ட நாள் 1839ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19 ஆகும். தாகேர் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ட முறையை அன்று பாரிசு நகரில் அறிஞர் அவையின்முன் விளக்கினர். அன்று தொட்டுப் படக்கருவியின் வரலாறு, இன்னும் தெளிவு வேண்டும், இன்னும் நுணுக்கம் வேண்டும் என்னும் வேட்கையின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டு வருகிறது.

அடுத்தடுத்துள்ள இரு பொருள்களை ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே காட்டும் ஆற்றலை அறிவியலார் பிரிதிறன் என்பர். மின்னியல் கருவிகளில் இத்திறனைப் படப்புள்ளிகளின் எண்ணிக்கையால் அளக்கின்றனர். 1975ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த மின்னியல் படக்கருவி பத்தாயிரம் புள்ளிகளால் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத் தந்தது. அப்படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின. இன்றோ சட்டைப்பையில் அடங்கும் கைப்பேசிகள் சிலவற்றில் 20 கோடிப் புள்ளிகள் உள்ளன. அரை நூற்றாண்டில் இருபதாயிரம் மடங்கு ஏற்றம்!

இது வியப்பிற்குரியதே. எனினும், இந்த ஏற்றத்தைப் பேராக் மாநிலத்து இரப்பர் தோட்டங்களில் நின்று நோக்குவோமாயின், வேறொரு கதை புலப்படுகிறது. நம் மக்களின் முகங்கள் எப்போது தெளிவாகப் பதிந்தன, எப்போது மங்கின, தெளிவாகப் பதிந்த முகங்களுக்கும் பெயர் இல்லாமற் போனது ஏன் என்னும் வினாக்களே அக்கதையின் பொருள்.

கண்ணாடித் தகட்டில் முகங்கள்

மலாயாவில் இரப்பர் வேரூன்றிய தொடக்க இடங்களுள் ஒன்று கோலகங்சார். பேராக்கின் ரெசிடெண்டாக விளங்கிய சர் ஹியூ லோவின் காலத்தில், 1877ஆம் ஆண்டளவில், அங்கு இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் விலை ஏறவே, காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்தினின்று ஆயிரமாயிரம் மக்கள் கப்பலேறி வந்தனர். கங்காணியின் குரலுக்குப் பிரட்டுக் களத்தில் கூடி, பால்மரம் சீவி, லயத்து வீடுகளில் வாழ்ந்தனர்.

அக்காலத்தில் இந்நாட்டைப் படம் பிடித்தோர் பெரும்பாலும் ஐரோப்பியப் படப்பிடிப்பாளர்கள். சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட லாம்பர்ட் நிறுவனமும், சுமத்திராவின் மேடானில் தொழில் நடத்திய கிளைன்குரோத்தே என்னும் செருமானியரும் இவருள் குறிப்பிடத்தக்கோர். இவர்கள் கையாண்டது கண்ணாடித் தகடு. முழுத்தகடு எனப்பட்ட அளவு ஆறரை அங்குல அகலமும் எட்டரை அங்குல நீளமும் உடையது. இன்றைய வருடியில் அங்குலத்திற்கு 1,200 புள்ளி வீதம் அதனைப் பதிவு செய்தால் ஏறத்தாழ எட்டுக் கோடிப் புள்ளிகள் கிடைக்கும். நன்கு எடுக்கப்பட்ட தகடாயின் சேலையின் கரையையும், காதணியின் வேலைப்பாட்டையும், முதியவர் நெற்றியின் சுருக்கத்தையும் உருப்பெருக்கிக் காணலாம்.

நூறாண்டுக்கு முன்னரே அத்துணைத் தெளிவு இருந்தது. ஆனால், அத்தகைய படங்கள் அஞ்சலட்டைகளாகவும் தொகுப்பேடுகளாகவும் அச்சேறியபோது, அவற்றின்கீழ் நின்ற வாசகம் 'தமிழ்க் கூலிகள்' என்பது போன்ற ஒரு தொடரே. மரம் சீவும் பெண்ணின் கைவிரல்கள் தெரிகின்றன. அவள் பெயர் தெரியவில்லை. தோட்டத்துரையின் பெயர் பதிவேடுகளில் உண்டு; அவர் அருகில் வரிசையாய் நின்ற நாற்பது பேர் ஒரு சொல்லாகச் சுருங்கிவிட்டனர். பிரிதிறனின் பொருள் ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறிவது எனின், இப்படங்களில் கண்ணாடி பிரித்துக் காட்டியதை எழுதுகோல் ஒன்றாகக் கலந்துவிட்டது எனலாம்.

பெயரோடு வந்த முதற்படம்

தோட்ட மக்களுள் மிகப் பலருக்குத் தம் பெயரோடு கூடிய முதற்படம் கிடைத்தது விழாவிலோ திருமணத்திலோ அன்று, நெருக்கடியில்தான். 1948ஆம் ஆண்டு சூன் திங்கள் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்து போரிடுவோரையும் நாட்டு மக்களையும் பிரித்தறியும் பொருட்டு, 12 வயது நிரம்பிய அனைவரும் பதிவு செய்துகொண்டு, ஒளிப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை பெற வேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. அந்த அட்டையின் ஆற்றலை எதிர்த்தரப்பினரும் உணர்ந்திருந்தனர். மக்களிடமிருந்து அட்டைகளைப் பறித்துக் கிழித்த நிகழ்ச்சிகளே அதற்குச் சான்று.

அந்தப் படம் கட்டைவிரல் நகத்தினும் சற்றே பெரிது. கலைநயம் எதுவுமின்றி, விரைந்து எடுக்கப்பட்டது. கண்ணாடித் தகட்டின் நுணுக்கத்தில் ஒரு சிறு பங்கும் அதற்கு இல்லை. ஆயினும், வரலாற்று நோக்கில் அதன் மதிப்பு பெரிது. முகத்தோடு பெயர் நின்றது, எண் நின்றது. பெயரற்ற கூட்டமாகக் காட்டப்பட்டவர்கள் தனித்தனி மாந்தராக ஆவணத்தில் ஏறியது அப்போதுதான். கண்காணிப்பின் பொருட்டு எடுக்கப்பட்ட படமே இன்று பல குடும்பங்களில் பாட்டன் பாட்டியரின் ஒரே படமாக நிற்கிறது என்பது எண்ணத்தக்கது.

பின்னாளில் அட்டையின் நிறம் நம்மவர் வாழ்வையே வகுத்தது. குடிமக்களுக்கு நீலம், குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு. 1969ஆம் ஆண்டில் குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தபோது, தோட்டத்தில் முதுமையெய்திய பலர் தமிழகத்திற்குத் திரும்ப நேர்ந்தது. அவர்தம் முகங்களும் தோட்டத்துப் படங்களில் இருக்கலாம். அவற்றை இன்னார் என்று சொல்வாரோ நாளும் அருகி வருகின்றனர்.

மங்கிய ஆண்டுகள்

படக்கருவியின் வளர்ச்சி நேர்க்கோட்டில் சென்றது என்று கருதுவது தவறாகும். எளிமை கூடிய போதெல்லாம் தெளிவு குறைந்தது. 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா போன்ற சிறு கருவிகளின் படச்சுருள் கட்டம் 24 மில்லிமீட்டருக்கு 36 மில்லிமீட்டர். பரப்பளவில் இது முழுத்தகட்டின் நாற்பதில் ஒரு பங்கே. படச்சுருளின் தரம் உயர்ந்தமையால் இவ்விழப்பு ஓரளவு ஈடுகட்டப்பட்டது.

ஆனால், அதன்பின் வந்த வீடியோ நாடாவின் நிலை வேறு. மலேசியாவில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1978இல் வந்தது. அவ்வொளிபரப்பு 625 கோடுகள் கொண்டது. 1976இல் சப்பானில் அறிமுகமாகிப் பின்னர் இல்லந்தோறும் நுழைந்த வி.எச்.எஸ். நாடாவோ, படத்தின் குறுக்கே ஏறத்தாழ 240 கோடுகளையே பிரித்துக் காட்டவல்லது. அதன்பின் தொடக்கக்கால மின்னியல் கருவிகள் வந்தன. 2000ஆம் ஆண்டில் சப்பானில் ஷார்ப் நிறுவனம் வெளியிட்ட படக்கருவியுடன் கூடிய கைப்பேசியில் இருந்த புள்ளிகள் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம் மட்டுமே.

இங்குதான் நம் கதையின் துயரம் அமைந்துள்ளது. தோட்டங்கள் துண்டாடப்படுவது 1950களிலேயே தொடங்கிவிட்டது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இதனைத் தடுக்கும் முயற்சியே. எனினும், இரப்பருக்கு மாற்றாகச் செம்பனை பரவியது. 1980களிலும் 1990களிலும் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயங்கள் இடிக்கப்பட்டன. மக்கள் ஈப்போவிற்கும் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். தோட்டத்து மாரியம்மன் கோயிலின் கடைசித் திருவிழா, லயத்து வாசலில் நடந்த கடைசித் திருமணம், பள்ளியின் கடைசி விளையாட்டுப் போட்டி ஆகியன பதிவாயின எனின், பெரும்பாலும் பதிந்தது வீடியோ நாடாவிலும் மலிவான படச்சுருளிலுமே. ஒரு வாழ்முறை மறைந்த காலமும், மக்கள் கையிலிருந்த கருவிகள் மிக மங்கலாகப் பதிந்த காலமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

மேலும் ஒன்று. படச்சுருளில் எடுத்ததை இன்றைய கருவியால் மீண்டும் வருடிக் கூடுதல் நுணுக்கம் பெறலாம். ஏனெனில் அந்நுணுக்கம் சுருளிலேயே உறைந்துள்ளது. நாடாவில் எடுத்ததற்கு அவ்வாய்ப்பு இல்லை. பதியாததை எக்கருவியாலும் மீட்க இயலாது. நாடாவின் காந்தப் பூச்சும் நம் நாட்டு ஈரக்காற்றில் பூஞ்சை பிடித்து ஆண்டுதோறும் அழிந்து வருகிறது.

கண் காணாத புள்ளிகள்

இன்றைய நிலை யாது? தொலைக்காட்சியில் உயர்தெளிவு எனப்படுவது ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள். 4கே என்பது 83 இலட்சம். 8கே என்பது மூன்று கோடியே 32 இலட்சம். சப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 2018ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் 8கே ஒளிபரப்பைத் தொடங்கியது. மலேசியாவில் பழைய முறை ஒளிபரப்பு 2019இல் முற்றாக நிறுத்தப்பட்டது.

ஆயின், மனிதக் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. நற்பார்வை உடையவர் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குக் கோணத்தையே பிரித்தறிவர். மூன்று மீட்டர் தொலைவில் அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. 55 அங்குலத் திரையில் உயர்தெளிவுப் படத்தின் ஒரு புள்ளி அதனினும் சிறிது. அத்தொலைவில் அமர்ந்து காண்பவருக்கு அதற்கு மேற்பட்ட புள்ளிகளால் கிட்டும் ஆதாயம் சொற்பமே.

கைப்பேசியின் 20 கோடிக் கணக்கும் இத்தகையதே. அவ்வுணரியில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.6 மைக்ரான், பச்சை ஒளியின் அலைநீளமோ 0.55 மைக்ரான். இத்துணைச் சிறு புள்ளியில் போதிய ஒளி விழாமையால், கைப்பேசி பதினாறு புள்ளிகளை ஒன்றாகக் கூட்டி ஒரு கோடியே 25 இலட்சம் புள்ளிகளாகவே பெரும்பாலும் படத்தைத் தருகிறது. பின்னர்ப் புலனம் எனும் வாட்ஸ்அப் வழி அனுப்புங்கால் அதுவும் சுருக்கப்படுகிறது.

இதனினும் எச்சரிக்கையோடு நோக்கத்தக்கது, செயற்கை நுண்ணறிவால் பழைய படங்களைக் கூர்மையாக்கும் வழக்கம். மங்கிய அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்தால், கண்ணிமை மயிரும் தெரியும் முகம் ஒன்று திரும்பி வருகிறது. ஆனால், அந்த இமை பாட்டனுடையது அன்று. கருவி தான் பயின்ற பல்லாயிரம் முகங்களினின்று ஊகித்து வரைந்தது. பார்வைக்கு அழகாக இருக்கலாம்; சான்றாகாது. மூலப்படத்தை நீக்கிவிட்டு இதனை மட்டும் போற்றும் குடும்பம், தன் முன்னோரின் முகத்தை அறியாமலே மாற்றிவிடுகிறது.

நாம் செய்யத்தக்கது

தோட்டங்கள் மறைந்தபின் இடம் பெயர்ந்த தமிழ்ப்பள்ளிகள் பல பேராக்கில் இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அப்பள்ளிகளின் ஆசிரியரும் மாணவரும் ஒரு பணியை மேற்கொள்ளலாம். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஆறுக்கு நான்கு அங்குலப் படத்தை அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் வருடினால் 86 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும்; அது போதும். சிறிய அடையாள அட்டைப் படத்திற்கு 1,200 புள்ளி கொள்க. மூலக்கோப்பைச் சுருக்காமல் இரண்டு இடங்களில் காக்க. நாடாக்களைக் காலந்தாழ்த்தாது மின்னியல் வடிவிற்கு மாற்றுக.

இவற்றினும் முதன்மையானது, படத்தை முதியவர் ஒருவரிடம் காட்டி, இடமிருந்து வலமாக நிற்போர் யாவர், எத்தோட்டம், எந்த ஆண்டு, என்ன நிகழ்ச்சி என்று கேட்டுத் தனித்தாளில் எழுதி அப்படத்தோடு இணைத்து வைப்பது. ஒருவர் கூறியதை மற்றொருவரிடம் சரிபார்ப்பதும், தெரியாத முகத்தைத் தெரியாதது என்றே குறிப்பதும் வரலாற்று மாணவரின் கடமையாகும்.

கருவியின் கூர்மை கடைகளில் ஆண்டுதோறும் மலிவாகிறது. இன்று வாங்காவிடில் நாளை வாங்கலாம். பெயர்கள் அவ்வாறு அல்ல. அவை தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது எண்பதைக் கடந்துவிட்ட மூத்தோரின் நினைவில் மட்டுமே உள்ளன. நூறாண்டுக்கு முன் அந்நியன் ஒருவன் நம்மவரைத் தெளிவாகப் படம் எடுத்துவிட்டுப் பெயரைக் கேளாமற் சென்றான். அவன் கேளாத வினாவை நாமும் கேளாதிருப்போமாயின், 20 கோடிப் புள்ளிகள் கையில் இருந்தும் அவன் எழுதிய ஒற்றைத் தொடரையே நாமும் எழுதியவராவோம்.