பெலிக்ஸ் நோவோவியெய்ஸ்கி

பெலிக்ஸ் நோவோவியெய்ஸ்கி (1877–1946) போலந்தின் இசையமைப்பாளர், பாடகர் குழு நடத்துநர், ஆர்கன் கலைஞர். போலந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ‘ரோட்டா’ என்ற நாட்டுப்பற்றுப் பாடலுக்கு இசை தந்தவர். அந்தப் பாட்டின் புகழ், அவர் ஆயுள் முழுக்க உழைத்த வழிபாட்டு இசையை மறைத்துவிட்டது என்பதே உண்மை.

வார்மியா பகுதியின் பார்ச்செவோ ஊரில், 1877 பிப்ரவரி 7 அன்று, ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். அப்போது அந்த மண் பிரஷ்ய ஆட்சியில் இருந்தது. ஷ்வியென்தா லிப்கா மரியன்னை திருத்தலத்தின் மடத்துப் பள்ளியில் இசை பயின்றார். அங்குள்ள பழைய ஆர்கன் ஒலிக்கும்போது அதன்மேல் நிற்கும் வானதூதர் சிலைகள் அசையும். யாத்திரிகர்கள் இன்றும் அதைக் காணக் கூடுகிறார்கள். வீட்டு வறுமையால், படிப்பு முடிந்ததும் ஓல்ஷ்டின் நகரில் பிரஷ்யப் படைப்பிரிவின் வாத்தியக் குழுவில் சேர்ந்தார்.

1898இல் லண்டன் போட்டியொன்றில் அவருடைய அணிவகுப்பு இசைக்கு முதல் பரிசு கிடைத்தது. அந்தப் பணம் அவரைப் பெர்லினில் படிக்க வைத்தது. ரேகன்ஸ்பூர்கின் திருச்சபை இசைப் பள்ளியில் கிரிகோரியன் பாடல்முறையையும் பலஸ்த்ரீனாவின் பல்குரல் இசையையும் கற்றார். பிறகு இசையமைப்பாளர் மாக்ஸ் ப்ரூக்கிடம் மாணவரானார். விவிலியத்தின் ஊதாரி மகன் கதையை வைத்து எழுதிய ஒரட்டோரியோ 1902இல் மேயர்பேர் பரிசை வென்றது.

வேடமும் காட்சியமைப்பும் இல்லாமல் இசைக்குழுவும் பாடகர்களும் ஒரு கதையைப் பாடி நிகழ்த்துவது ஒரட்டோரியோ. அந்த வடிவத்தில் அவருடைய பெரும்படைப்பு ‘க்வோ வாடிஸ்’. ஷென்கியேவிச் போலிஷ் மொழியில் எழுதிய நாவல்தான் மூலம். பாடல் வரிகளை ஜெர்மனில் எழுதியவர் அந்தோனி யூங்ஸ்ட். பற்றியெரியும் ரோமாபுரியின் கூட்டம், நிலத்தடிக் கல்லறைகளில் செபிக்கும் கிறிஸ்தவர்கள் என எல்லாமே கூட்டுக்குரலின் தோளில்தான் நிற்கின்றன. 1909இல் ஆம்ஸ்டர்டாமில் ஒலித்தபின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறு முறைக்கு மேல் நிகழ்த்தப்பட்டது.

அதே ஆண்டு கிராக்கோவுக்குக் குடிபெயர்ந்தார். போலந்து அப்போது ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என மூன்று அரசுகளிடம் பிரிந்து கிடந்தது. ஆஸ்திரியப் பகுதியில் மட்டும் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. 1910 ஜூலை 15, ஜெர்மானிய டியூட்டோனிக் வீரர்களைப் போலந்து வென்ற க்ருன்வால்டு போரின் 500ஆம் ஆண்டு. நினைவுச்சின்னத் திறப்புவிழாவில் மூன்று பகுதிகளிலிருந்தும் வந்த பாடகர்கள் ஒரே குழுவாக நின்று, அவர் கையசைவில் ‘ரோட்டா’வைப் பாடினார்கள். ஜெர்மன்மயமாக்கலை எதிர்த்து மரியா கொனோப்னிட்ஸ்கா எழுதிய கவிதை அது. அதற்கு மெட்டமைத்தவரோ ஜெர்மன் பள்ளிகளில் வளர்ந்த வித்துவான்.

1919 முதல் போஸ்னான் அவருடைய ஊரானது. இசைப்பள்ளியில் கற்பித்தார், ஆர்கனுக்காக மட்டும் 9 சிம்பொனிகள் எழுதினார். அவற்றின் கனத்தை உணர, கல்மண்டபத்தில் எதிரொலியோடு கேட்க வேண்டும். திருப்பலி இசைகளும் பல உண்டு. அந்தத் தொண்டுக்காகத் திருத்தந்தை பதினோராம் பயஸ் 1935இல் கௌரவப் பட்டம் அளித்தார்.

1939இல் ஜெர்மானியர் நுழைந்தபோது, ‘ரோட்டா’வைத் தந்தவருக்குப் போஸ்னானில் இடமில்லை. தலைமறைவாகிக் கிராக்கோவ் சேர்ந்தார். 1941 டிசம்பரில் பக்கவாதம் தாக்க, எழுதும் கை ஓய்ந்தது. போருக்குப்பின் போஸ்னான் திரும்பி, 1946 ஜனவரி 18 அன்று காலமானார். உடல் அங்குள்ள புனித வொய்ச்செக் ஆலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டது.

தாம் பிறந்த வார்மியாவைப் போலந்தோடு சேர்ப்பது குறித்து 1920இல் நடந்த பொதுவாக்கெடுப்புக்காகவும் அவர் ஊர் ஊராகக் கச்சேரி செய்தார். வாக்கெடுப்பில் போலந்து தோற்றது. 1945இல்தான் அந்த மண் போலந்தின் வசம் வந்தது. வார்மியாவுக்காக அவர் அமைத்த மெட்டு இன்று ஓல்ஷ்டின் நகர மன்றக் கோபுரத்திலிருந்து ஒலிக்கிறது.