மூக்கு அளந்த கருவியும் அம்மாவின் படமும்

எங்கம்மா செத்துப் பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டியிருந்தது. வாழ்நாளெல்லாம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பொம்பளைக்கு ஏது படம்? ஆதார் அட்டையில் ஒன்று. தம்பி கல்யாண ஆல்பத்தில் பந்தி ஓரமாக நிற்பது ஒன்று. ஆல்பத்துப் படத்தை அண்ணன் டவுனில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசாக்கி வாங்கி வந்தார். பிரித்தால் அரக்குக் கலர் பட்டுப்புடவை, கழுத்தில் ரெட்டை வடச் சங்கிலி, பின்னால் நீல வானம். முகம் கோதுமை மாவு நிறத்தில் இருந்தது. சின்ன வயசில் கிணற்று மேட்டில் விழுந்து நெற்றியில் பட்ட தழும்பைக் காணோம். மூக்கும் கொஞ்சம் கூராகியிருந்தது.

பெரியம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். “இது யாரு ஊட்டுப் பொம்பள?” என்றாள்.

அண்ணனுக்குக் கோபம். “உசுரோட இருக்கசொல்லதான் ஒரு பட்டுப்புடவ எடுத்துத் தர முடியல. படத்துலயாவது கட்டிக்கட்டுமே” என்றார். அதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் முழுசாக இல்லை. ஆனால் அந்த மூக்கு மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. எதற்காக மூக்கைக் கூராக்கினார்கள்? அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

புகைப்படக் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அது நம் சனங்களிடம் நமக்காக வரவில்லை, நம்மை வகைப்படுத்த வந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, ஆளப்படுகிறவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ளும் அவசரம் வெள்ளையருக்கு. 1868க்கும் 1875க்கும் இடையில் ‘இந்திய மக்கள்’ என்ற பெயரில் எட்டுத் தொகுதிகள் வெளிவந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும் இன்ன சாதி, இன்ன குணம் என்ற குறிப்பு. திருடும் சாதி, விசுவாசமான சாதி என்பதெல்லாம் முகத்தைப் பார்த்தாலே தெரியுமாம்!

சென்னை அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். கேமராவோடு அளவுக் கருவியையும் தூக்கிக்கொண்டு மலைக்கும் சேரிக்கும் போனவர். மண்டையை அளந்தார், மூக்கை அளந்தார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்கு எண். எழுபதுக்குக் கீழே என்றால் கூர்மூக்கு, எண்பத்தைந்துக்கு மேலே என்றால் சப்பை மூக்கு. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி இன்னும் ஒரு படி மேலே போனார். மூக்கு அகல அகலச் சாதி கீழே போகும், மூக்கு கூராகக் கூராகச் சாதி உயரும் என்றார். சாதியை மூக்கின் மேல் ஏற்றி விஞ்ஞானம் என்று பெயர் வைத்தார்கள். மேல்சாதிப் படிப்பாளிகளுக்கு அது வெல்லமாக இனித்தது. நாங்களும் ஆரியர், ஆளும் வெள்ளையனுக்குப் பங்காளி என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் அவரே ஒரு சம்பவத்தை வேடிக்கையாகச் சொல்கிறார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களில் நல்ல உருவமாகப் பார்த்துப் பிடித்து, உள்ளே பஞ்சு அடைத்துச் சென்னை மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று பயந்தார்களாம். அவருக்கு அது அறியாமை. எனக்கு, கேமராவின் அரசியலை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் அந்தப் பெண்கள்தான் என்று தோன்றுகிறது.

இந்த மூக்கு விஞ்ஞானத்தை அதன் கணக்கைக் கொண்டே உடைத்தவர் அண்ணல் அம்பேத்கர். தீண்டப்படாதவர்கள் யார் என்று 1948இல் அவர் எழுதிய நூலில், மாகாணம் மாகாணமாக எடுத்த மூக்கு அளவுகளை வரிசையாக வைத்துப் பார்க்கிறார். பார்ப்பனருக்கும் தீண்டப்படாதவருக்கும் இன வேறுபாடு இல்லை, அவர் ஆரியர் என்றால் இவரும் ஆரியர், அவர் திராவிடர் என்றால் இவரும் திராவிடர் என்று முடிக்கிறார். தீண்டாமைக்குக் காரணம் உடம்பில் இல்லை என்பதே அவர் சொல்ல வந்தது. இது நம் ஊருக்கு முன்பே தெரிந்த சங்கதிதான். ‘கருத்த பாப்பானையும் செவத்த பறையனையும் நம்பாதே’ என்று ஒரு சொலவடை உண்டு. நம்மை இழிவு செய்யச் சொன்னதுதான். ஆனாலும் நிறம் சாதிக் கோட்டைத் தாண்டிப் புழங்கியது என்பதற்கும், அதைக் கண்டு ஊர் பதறியது என்பதற்கும் அதுவே வாக்குமூலம்.

முகத்தைத் திருத்தும் வேலை போனோடு பிறந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. 1855இலேயே பாரிஸ் கண்காட்சியில் மியூனிக் நகரத்து ஹான்ஃப்ஸ்டெங்கல் நெகட்டிவைத் திருத்தி எடுத்த படங்களைக் காட்டினார். நம்மூர் ஸ்டுடியோக்களில் அதற்கு ‘டச்சப்’ என்று பெயர். நெகட்டிவில் கருத்த முகம் வெளிறித் தெரியும். கூராகச் சீவிய பென்சிலால் அந்த இடத்தில் மெல்லத் தீட்டினால் பிரிண்டில் அது வெளுக்கும். பொண்ணு பார்க்கப் படம் கொடுக்கும் காலத்தில் இது ஒரு பிழைப்பு. கேமரா முன் உட்காரும் முன்பே முகத்தில் பவுடர் அப்பிவிடுவார்கள். நம் வீடுகளில் உள்ள பழைய கல்யாணப் படங்களைப் பாருங்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம்.

கலர் பிலிம் வந்தபோது அந்தப் பிலிமே பக்கச் சாய்வோடு வந்தது. பிரிண்ட் போடும் கூடங்களுக்குக் கோடாக் கம்பெனி ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் இருப்பது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் நின்றவர் பெயரால் அதற்கு ‘ஷெர்லி அட்டை’ என்றே பெயர். அந்தத் தோல் சரியாக விழுந்தால் கலர் சரி. கருப்புப் பிள்ளைகள் முகம் மங்கிப் பல்லும் கண்ணும் மட்டும் தெரிந்தால் அது கம்பெனிக்குப் பிழை இல்லை. கோடாக் ஊழியர்களிடம் பேசி இதை ஆராய்ந்த கனடாவின் லோர்னா ராத், பிலிமைத் திருத்த வைத்ததில் சாக்லேட் கம்பெனிகளுக்கும் மரச்சாமான் கம்பெனிகளுக்கும் பெரிய பங்கு உண்டு என்கிறார். தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் விளம்பரத்தில் சரியாக விழவில்லை என்று அவர்கள் முறையிட்டார்கள். மனுசத் தோல் கேட்டுக் கிடைக்காதது சாக்லேட்டுக்குக் கிடைத்தது.

கருப்பர்கள் சும்மா இருந்துவிடவில்லை. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் எல்லாரையும்விட அதிகமாகப் படம் எடுத்துக்கொண்ட மனிதர் என்கிறார்கள். சுமார் 160 படங்கள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் சிரிக்க மாட்டார். சிரிக்கும் அடிமை என்ற கேலிச் சித்திரத்துக்கு அதுதான் பதில். டூபாய்ஸ் 1900 பாரிஸ் கண்காட்சிக்குக் கருப்பின மக்களின் படங்களை 363 தேர்ந்து கொண்டுபோனார். 1970இல் அமெரிக்காவில் போலராய்டு கம்பெனியின் கருப்பினத் தொழிலாளர்கள், தாங்கள் செய்யும் கேமராதான் தென்னாப்பிரிக்காவில் கருப்பர்களின் பாஸ் புத்தகத்துக்குப் படம் எடுக்கிறது என்று கண்டு போராட்டம் தொடங்கினார்கள். 1977இல் கம்பெனி அங்கிருந்து வெளியேறியது. நமக்கு அண்ணலின் கோட்டு சூட்டுப் படம் அப்படி ஒரு பதில். ஆனால் அந்தப் படத்தையும் காலண்டர்க்காரர்கள் கன்னத்தில் ரோஸ் பூசித்தான் அச்சடிக்கிறார்கள். நம் இயக்கத்துப் பிளெக்ஸ் பேனர்களில் நம் தலைவர்களும் நம் தோழர்களும் வெளுத்துக்கொண்டே போகிறார்கள். இதை நாம்தான் கேட்டு வாங்குகிறோம், தோழர்களே.

இப்போது போனுக்கு வருவோம். போட்டோஷாப் 1990இல் வந்தது, இன்ஸ்டாகிராம் 2010இல். 2017இல் பேஸ்ஆப் என்ற செயலியில் அழகாக்கும் பொத்தானைத் தட்டினால் கருத்த முகங்கள் வெளுத்தன. உலகமே திட்டிய பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். வெள்ளை முகங்களையே காட்டிப் பழக்கியதால் கணினி அப்படிச் செய்துவிட்டதாம். ஷெர்லி அட்டையின் பேத்தி! இங்கே 1975இல் கடைக்கு வந்த சிவப்பழகு கிரீம் 2020இல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. அழகுச் செயலிகளில் நிறத்துக்கு ஒரு கோடு, தாடைக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒரு கோடு. விரலால் இழுத்தால் மூக்கு ஒடுங்கும். தர்ஸ்டன் அளந்ததோடு நின்றார். இங்கே அளவை நம் விரலே சரிசெய்துகொள்கிறது.

அண்ணன் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள் போடும் படத்தில் அவளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒருநாள் கேட்டேவிட்டேன். “அத்த, நான் அப்படியே போட்டா கமெண்ட்ல அழகா இல்லன்னு எழுத மாட்டானுங்க. எந்தத் தெருன்னு கேப்பானுங்க” என்றாள்.

உன்னை நீயே ஏற்றுக்கொள் என்று கல்லூரிகளில் இப்போது வகுப்பு எடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் முகத்தை வைத்துத் தெருவைக் கேட்கிறவன் இருக்கும்போது, ஏற்றுக்கொள்ள வேண்டியவள் அவளா அவனா? தாழ்வு மனப்பான்மை என்று அவளுக்கு வைத்தியம் சொல்கிறோம். அவனுக்கு யாரும் ஒரு வகுப்பும் எடுப்பதில்லை. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துப் பணியர் பெண்கள் ஓடிய கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் “அந்தாளு மூக்க யாரு அளந்தாங்க?” என்று கேட்டாள். எம்.ஏ. படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை.

அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். பட்டுப்புடவை கட்டட்டும், சங்கிலியும் போட்டுக்கொள்ளட்டும். உடுத்தக் கூடாது, போடக் கூடாது என்று நம் பெண்களை அடித்த ஊர் இது. அந்த ஆசையில் ஒரு நியாயம் இருக்கிறது. தழும்பை எடுக்கச் சொல்லி அண்ணன் கேட்கவில்லை, மூக்கைக் குறைக்கச் சொல்லியும் கேட்கவில்லை. ஸ்டுடியோப் பையனிடம் போய் விசாரித்தேன். “எல்லாருக்கும் பண்றதுதாங்க்கா, தனியா காசு வாங்கல” என்றான். பாவம், அவனும் நம்மைப் போலக் கருத்த பையன்தான்.

பெரியம்மா ஆதார் அட்டையின் ஜெராக்ஸை வாங்கிச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டாள். அதில் அம்மா முகம் ஒரே கருமையாக இருக்கிறது, கண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது. சுவரில் பட்டுப்புடவைப் படத்துக்கு மாலை காய்ந்து கிடக்கிறது. தம்பி வீட்டில் ஆல்பம் பத்திரமாக உள்ளது. அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.