மடக்கி எறிந்த கை

ஆவடி, அம்பத்தூர் திடல்களில் நாங்கள் கிரிக்கெட் ஆடிய காலத்தில், எவனாவது முழங்கையை மடக்கிப் பந்து போட்டால் "த்ரோ, நோ பால்!" என்று பத்துப் பேர் கத்துவோம். பேஸ்பாலில் அந்த மடக்கலுக்குத்தான் சம்பளமே. அப்படி அமெரிக்காவில் சம்பளம் வாங்கிய நம் நாட்டுக்காரர் ரிங்கு சிங்.

உத்தரப் பிரதேசத்தின் பதோஹி மாவட்டத்துக் கிராமத்தவர். அப்பா லாரி ஓட்டுநர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். லக்னோவில் ஈட்டி எறியப் பழகியவர். ஈட்டிக்கும் கையை மடக்கித்தானே வீச வேண்டும்! 2008இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற டி.வி. போட்டியில், பேஸ்பாலையே அறியாத அவர் மணிக்கு 87 மைல் (140 கி.மீ.) வேகத்தில் எறிந்து முதல் பரிசை வென்றார். அந்த ஆண்டே அவரையும் தினேஷ் படேலையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது.

2014இல் வந்த படம் (நம்ம ரஹ்மான் இசை) அத்தோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அதில் மனத்தாங்கல்தான். மீதிக் கதையல்லவா கதை!

தினேஷ் 2010இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு கீழ்நிலை லீக்குகளில் படிப்படியாக ஏறினார். 2012இல் வெஸ்ட் வர்ஜீனியா பவர் அணிக்கு 39 ஆட்டங்களில் 72 இன்னிங்ஸ் எறிந்தார்; அங்கே மூன்று பேர் அவுட்டானால் ஒரு இன்னிங்ஸ். அடுத்த ஆண்டு முழங்கை போயிற்று. உடம்பின் வேறிடத்துத் தசைநாரை எடுத்து முழங்கையில் கட்டும் 'டாமி ஜான்' அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு ஆட்டமே இல்லை. மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட எறியவில்லை.

2018இல் டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தத்துக்குப் போனார். என் பேரனுக்கு அவரை வீர் மஹான் என்றால்தான் தெரியும்.