திரும்பி வந்தவருக்குக் கல் நடுவார் யார்?



நம் தருமபுரிச் சீமையில் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் பல நிற்கின்றன. அவற்றுள் பழையவை பல்லவர் காலத்தவை. ஆநிரையைக் காக்கப் போரிட்டு மாண்ட வீரனின் உருவத்தையும், பல கற்களில் அவன் பெயரையும், அரசனின் ஆட்சியாண்டையும் அவற்றில் காணலாம். சில கற்களை ஊரார் வேடியப்பன் என்று இன்றும் வணங்குகின்றனர். சில தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ளன.

முதல் உலகப் போருக்குப் பின் ஆங்கில அரசும் தமிழகத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் கற்பலகைகளைப் பதித்தது. 1914 முதல் 1919 வரை இவ்வூரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் மாண்டனர் என்ற எண்ணிக்கையை அவை சொல்லும். சென்றவர்களின் பெயரைச் சொல்லமாட்டா.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் பணியாற்றினர். 87,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இறந்தோரின் பெயர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பேணி வருகிறது. மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் சுபேதார் சுப்ரமணியன் அவர்களுள் ஒருவர். 1944-இல் இத்தாலியில் மின்யானோ அருகே கண்ணிவெடி அகற்றும்போது, உடன் இருந்தோரைக் காக்க வெடியின் மேல் தாமே விழுந்து உயிர் நீத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

திரும்பி வந்த இலட்சக்கணக்கானோருக்கு அத்தகைய பொதுப் பதிவேடு இல்லை. என் தாத்தா அவர்களுள் ஒருவர். பென்னாகரம் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. இங்கிருந்து பெங்களூர் சென்று அவரும் சாப்பர்ஸ் பிரிவில் சேர்ந்தார். கதைகளைச் சொன்னவர் பாட்டிதான். மணியார்டர் வராத மாதங்களில் அவர் தபால்காரரின் முகத்தைப் பார்க்கவே அஞ்சினாராம். ஊர் திரும்பிய பின்னும் தாத்தா புல்வெளியில் கால் வைக்குமுன் குனிந்து பார்ப்பாராம். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாராம்.

குடும்பக் கதைகள் சொல்லச் சொல்ல வளரும் என்பதை நாம் அறிவோம். ஆனால் பாட்டியின் பெட்டியில் சிவப்பு, வெள்ளை, பச்சை, வெள்ளை, சிவப்பு என ஐந்து பட்டைகள் கொண்ட நாடாவுடன் ஒரு பதக்கம் இருந்தது. அது இத்தாலி ஸ்டார்; 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரை அந்தப் போர்க்களத்தில் பணிபுரிந்தோர்க்கு உரியது. பாட்டி "இட்டாலி" என்று சொன்ன தேசம் கதையில் பிறந்ததன்று. அந்தப் புல்வெளிப் பார்வைக்கும் காரணம் விளங்கியது.

யோசுவா 4-ஆம் அதிகாரத்தில், யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்கள் கில்காலில் நாட்டப்படுகின்றன. இவை என்னவென்று பிள்ளைகள் கேட்கும் நாளில் பெற்றோர் விடை சொல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம். கேட்கப் பிள்ளை இல்லாவிட்டால் கல்லும் ஊமையே. என் தந்தைக்குத் தாத்தாவைப் பற்றிப் பத்துக் கதைகள் தெரியும். எனக்கு மூன்று தெரியும். என் பிள்ளைகளுக்கு ஒன்றாவது தெரியவேண்டும்.

ஆகையால் இந்த வாரம் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அமர்ந்து கேளுங்கள். எந்தப் படைப்பிரிவு, எந்தத் துறைமுகம், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். பதக்கமோ, படைவிலகல் சான்றோ, மங்கிய புகைப்படமோ இருந்தால் அதன் பின்னால் பெயரையும் குறித்து வையுங்கள்.