சிரம்பியடியின் தாளம்

புத்தளம் கரையில் இன்று ஓர் இளைஞன் கையில் கிற்றாரை எடுத்தால், அவன் வெளிநாட்டு இசையின் பின்னால் போகிறான் என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். றொக் என்பதும் பொப் என்பதும் எங்கோ அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ பிறந்து, வானொலி வழியாகவும் இணையம் வழியாகவும் நம் கரைக்கு வந்து ஒதுங்கியவை என்பது பொதுவான எண்ணம். வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவருக்கு இந்த எண்ணம் அத்தனை உறுதியாகத் தோன்றாது. இலங்கைத் தீவின் மெல்லிசை வரலாற்றில் கொழும்பும் மொரட்டுவையும் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் பேசப்படுகின்றன. புத்தளம் அநேகமாகப் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டிய ஊர் அது.

கடல் வழியே வந்தவர்களை வரவேற்றே பழகிய கரை இது. 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பத்தூத்தா 'பத்தாலா' என்ற இடத்தில் கரையிறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததாக எழுதியிருக்கிறார். அந்தப் பத்தாலா புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பின்னர் போர்த்துக்கேயர் வந்தனர். அவர்களை விரட்டிவிட்டு ஒல்லாந்தர் வந்து, 1667இல் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கினர். அதே கற்பிட்டியில் 1807இல் பிறந்தவர்தான் சைமன் காசிச்செட்டி. 1834இல் இலங்கை பற்றிய விவரக்களஞ்சியத்தையும், 1859இல் 'தமிழ் புளூட்டாக்' என்னும் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் எழுதிய பெருமகன். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஒரே நூலில் தொகுக்கும் முயற்சி இந்தக் கரையில் பிறந்த ஒருவரின் கையால் நிகழ்ந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். அதைவிட அதிகமாக மறக்கப்பட்டது இன்னொன்று. இந்தக் கரையிலேயே ஓர் ஆப்பிரிக்க இசை மரபு வேரூன்றியது.

புத்தளம் நகருக்கு அண்மையில் சிரம்பியடி என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே வாழும் சில குடும்பங்களைத் தமிழில் காப்பிரியர் என்போம். இறைமறுப்பாளரைக் குறிக்கும் 'காஃபிர்' என்ற அரபுச் சொல் போர்த்துக்கேயர் வாயில் திரிந்து வந்த பெயர் இது. தென்னாபிரிக்காவில் இச்சொல் கொடிய வசைச்சொல். இலங்கையிலோ அந்த மக்களே தம்மைக் குறிக்க ஏற்றுக்கொண்ட இனப்பெயர். ஒரே சொல் ஒரு கடலுக்கு அப்பால் இழிவாகவும் இப்பால் அடையாளமாகவும் இருப்பது விந்தைதான்.

இவர்களுடைய முன்னோரைப் போர்த்துக்கேயர் அடிமைகளாகவும் போர்வீரராகவும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கொண்டுவந்தனர். ஒல்லாந்தர் காலத்திலும் இது தொடர்ந்தது. ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'அடிமைத் தீவு' என்றே வழங்கிய கொழும்புக் கொம்பனித்தெரு, அந்த அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடம். 1796இல் கரையோரத்தைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் சளைக்கவில்லை. தமது படைக்கென்று கோவாவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் ஆப்பிரிக்கரைத் தருவித்து இலங்கைப் படைப்பிரிவுகளில் சேர்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி அப்படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டபோது, வீரர்கள் சிலர் புத்தளத்தில் குடியமர்ந்தனர். சிரம்பியடி மக்கள் அவர்களின் வழிவந்தவர்கள்.

துப்பாக்கியைக் கீழே வைத்தவர்கள் கைவிடாத ஒன்று பாட்டு. 'மஞ்சா' என்று அவர்கள் அழைக்கும் அந்த இசை நிகழும் முறையைச் சற்று விளக்க வேண்டும். பாடல்கள் சில வரிகளே கொண்டவை. மொழி இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல். பாட்டு மெதுவாகத் தொடங்கும். அதே வரிகள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு சுற்றிலும் வேகம் சிறிது கூடும். அமர்ந்திருந்தவர் எழுந்து ஆடத் தொடங்குவர். தாளம் உச்சத்தை அடைந்ததும் வெட்டினாற்போல் நின்றுவிடும். கருவிகள் என்ன? மத்தளமும் றபானும் உண்டு. மண்டலின் போன்ற நரம்புக் கருவியும் வாய்த்தால் உண்டு. மற்றவை சமையலறையிலிருந்து வந்தவை: இரண்டு சிரட்டைகள், ஒரு கண்ணாடிப் போத்தல், அதைத் தட்ட ஒரு கரண்டி அல்லது நாணயம்.

இந்த இசைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பாட்டியின் மடியும் கலியாண வீட்டு முற்றமுமே வகுப்பறைகள். குழந்தை முதலில் கைதட்டப் பழகும். பிறகு சிரட்டை கைக்கு வரும், அதன்பின் போத்தல், கடைசியில்தான் மத்தளம்.

அயலில் வேறு பள்ளிகளும் இருந்தன. உடப்புப் பகுதியில் கரைவலை இழுக்கும் தமிழ் மீனவர் அம்பாப் பாடல் பாடினர்; ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, வலைக்கயிற்றைப் பிடித்திருப்பவர் அனைவரும் வாங்கிப் பாடுவர். பாட்டின் தாளம் தவறினால் கயிற்றின் இழுப்பும் தவறும். ஆகவே அங்கே தாளம் பொழுதுபோக்கன்று, பிழைப்பு. முஸ்லிம்களிடையே றபான் அடித்துப் பாடும் பக்கீர் பைத் இருந்தது. சிலாபம், நீர்கொழும்பு, மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்து இருந்தது. அண்ணாவியார் ஊர் இளைஞரை இரவு இரவாக, மாதக்கணக்கில் பழக்கி, ஒருநாள் அரங்கேற்றுவார். சிங்களத்தின் 'நாடகம' என்ற மேடை வடிவம் இந்தத் தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது என்பது சிங்கள அறிஞரும் ஒப்பும் செய்தி. இன்று ஓர் ஒலிப்பதிவுக்கூடம் இளைஞரைச் சேர்த்து, கருவி கொடுத்து, பிழை திருத்தி, மேடையேற்றுகிறது என்றால், அது செய்வது அண்ணாவியார் செய்த வேலையைத்தான்.

போர்த்துக்கேயமும் ஆப்பிரிக்கமும் கலந்த இந்தத் தாளம் புத்தளத்துக்கு மட்டும் உரியதன்று. மட்டக்களப்புப் பறங்கியர் தம் திருமணங்களில் வயலினும் மண்டலினும் கிற்றாரும் கொண்டு 'கப்பிரிஞ்ஞா' வாசித்து ஆடினர். அந்தப் பெயரிலேயே காப்பிரி ஒளிந்திருக்கிறான். ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த 'பைலா' இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 1940களில் பொலிஸ்காரரான வொலி பஸ்தியன் இந்த மெட்டுகளில் சிங்களச் சொற்களைப் பொருத்திப் பாடினார். இருவர் மேடையில் நின்று எதிர்ப்பாட்டுப் பாடும் 'வாத பைலா'வும் வளர்ந்தது. எம்.எஸ். பெர்னாண்டோ போன்றோர் அதை நாடெங்கும் கொண்டுசென்றனர்.

ஆயினும் பைலா எளிதில் மதிப்புப் பெறவில்லை. மது அருந்துவோர் பாட்டு, அந்நியர் விட்டுச்சென்ற எச்சில் என்று தேசியவாதிகள் அதை ஒதுக்கினர். அக்காலத்தில் இசைஞர் எவரும் கடந்தே ஆகவேண்டிய வாசல் இலங்கை வானொலியின் ஒலிப்பதிவுக்கூடம். 1952இல் லக்னோவிலிருந்து பண்டிதர் ரத்தன்ஜன்கர் அழைக்கப்பட்டு, வானொலிக் கலைஞர்களைச் சோதித்துத் தரம் பிரித்தார். இராக சங்கீதம் அறிந்தவர் மேலே, அறியாதவர் கீழே என்றானது. சாஸ்திரிய இசைக்கு அதனால் நன்மை விளைந்திருக்கலாம். சிரட்டையும் போத்தலும் வைத்திருந்தவனுக்கு அந்தத் தராசில் இடமில்லை. அதேவேளை 1950இல் தொடங்கிய வானொலியின் வர்த்தக சேவை மேல்நாட்டு இசைத்தட்டுகளை நாளெல்லாம் சுழலவிட்டது. வாசலில் தடுக்கப்பட்ட தாளம் சாளரத்தின் வழியே உள்ளே வந்தது.

1960களில் இசைக்குழுக்கள் முளைத்தன. ஜெட்லைனர்ஸ் ஆங்கிலப் பாடல்களால் அரங்குகளை நிறைத்தது. கிளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவில் மின்கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குப் பழக்கினர். மொரட்டுவையிலிருந்து வந்த ஜிப்சீஸ் பைலாவையும் றொக்கையும் கலந்து அரை நூற்றாண்டு ஆண்டது. அதன் குரலாக விளங்கிய சுனில் பெரேரா 2021 செப்டெம்பரில் மறைந்தபோது, மொழி வேறுபாடின்றி நாடு அழுதது.

தமிழும் பின்தங்கிவிடவில்லை. 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தவரான நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு பேச்சுத்தமிழில் துள்ளலாகப் பாடத் தொடங்கினார். 1970களில் ஏ.ஈ. மனோகரன் 'பொப்பிசைச் சக்கரவர்த்தி' எனப் பெயர் பெற்றார். இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த அக்காலத்தில் உள்ளூர்க் கலைகளுக்குக் கிடைத்த இடம் இவ்வளர்ச்சிக்குத் துணைநின்றது. மனோகரனின் புகழ்பெற்ற 'சுராங்கனி' கடலைத் தாண்டியது. 1977இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதைப் பயன்படுத்தினார். தமிழ்நாட்டின் கலியாண ஊர்வலங்களிலும் கல்லூரி விழாக்களிலும் அந்தப் பாட்டுக்கு ஆடியவர் இலட்சக்கணக்கானோர். தாம் ஆடியது எந்த மக்கள் கொண்டுவந்த தாளத்துக்கு என்று அறிந்தவர் அவர்களில் எத்தனை பேர்? மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது வந்த அஞ்சலிக் கட்டுரைகளில் பைலா என்ற சொல் இருந்தது. பைலாவின் பின்னாலிருந்த ஆப்பிரிக்கர் எங்கே?

இங்கே உலக வரலாற்றையும் ஒருமுறை நினைவுகூர்வது தகும். அத்திலாந்திக் கடலைத் தாண்டி அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கரின் வழிவந்தோர் புளூஸ் இசையை உருவாக்கினர். அதிலிருந்து ரிதம் அண்ட் புளூஸும் றொக் அண்ட் றோலும் பிறந்தன. 1950களின் நடுவில் இங்கிலாந்து இளைஞர் அந்தத் தாளத்தைக் கேட்டுக் கிறங்கி, கருவி வாங்க வசதியின்றி, துணிதுவைக்கும் பலகையையும் தேயிலைப் பெட்டியையும் கொண்டு 'ஸ்கிஃபிள்' வாசித்தனர். லிவர்பூலில் அப்படித் தொடங்கிய ஒரு மாணவர் குழுவே பின்னாளில் பீட்டில்ஸ் ஆனது. இந்து சமுத்திரத்தின் வழியே கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரோ குஜராத்தில் சித்தி மக்களின் 'கோமா' ஆட்டத்தையும், புத்தளத்தில் மஞ்சாவையும் தந்தனர். இரு கடல்களில் நிகழ்ந்த ஒரே கொடுமையின் இரு கிளைகள் இவை. லிவர்பூலின் துணிப்பலகைக்கும் சிரம்பியடியின் போத்தலுக்கும் ஏழ்மை ஒன்றே. பெற்ற புகழ்தான் வேறு. மின்கிற்றாரோடு நிற்கும் புத்தளத்து இளைஞன் அந்நிய வீட்டுக்குள் நுழையவில்லை. தன் அயல்வீட்டாரின் தூரத்து உறவினரைச் சந்திக்கிறான்.

இந்த அயல்வீட்டாரின் நிலை இன்று கவலைக்குரியது. அவர்கள் ஒருசில நூறு பேரே. கலப்பு மணங்களால் தோற்றம் மாறிவருகிறது. அதில் குறை ஏதுமில்லை. ஆனால் வீட்டுமொழி சிங்களமாகிவிட்டது. கிரியோல் அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்து, பாட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இளையவர்கள் பாடும் வரிகளில் பலவற்றின் பொருள் பாடுவோருக்கே தெளிவாகத் தெரிவதில்லை. இந்தக் கரை இதற்குப் புதியதுமன்று. சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்தில் தமிழ் வீட்டுமொழியாக இருந்த கத்தோலிக்க ஊர்கள் பல, 20ஆம் நூற்றாண்டில் ஓரிரு தலைமுறைக்குள் சிங்களத்துக்கு மாறின. மொழி போனபின்னும் பாட்டு சிறிது காலம் நிற்கும் என்பதை அங்கும் கண்டோம். அந்தச் சிறிது காலத்துக்குள் செய்ய வேண்டியவற்றைச் செய்யாவிட்டால் பாட்டும் போய்விடும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 பேரில் பெரும்பாலோர் தஞ்சமடைந்தது புத்தளத்தில்தான். ஏற்கெனவே வறுமையோடு போராடிய மாவட்டம் அது. நீர், நிலம், பள்ளிக்கூடம், தொழில் என்ற தேவைகளின் வரிசையில் இசை முன்னுக்கு நிற்க முடியாதது இயல்பே. ஆனால் போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்துவிட்டன. வந்தவர்களின் பிள்ளைகளும் இருந்தவர்களின் பிள்ளைகளும் ஒரே ஊரில் வளர்ந்துவிட்டனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், காப்பிரியர் என நால்வரின் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரக்கூடிய அறைகள் அந்த மாவட்டத்தில் எத்தனை இருக்கும்?

ஒலிப்பதிவுக்கூடம் பற்றி நான் பேசுவது இதனால்தான். மஞ்சாப் பாடல்களை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள், அவர்கள் நன்றிக்குரியவர்கள். பதிவு செய்வது வேறு, பழக்குவது வேறு. பேழையில் வைத்த பாட்டு அழியாது, ஆனால் வளரவும் செய்யாது. ஒரு சிறிய கூடம், நான்கைந்து கருவிகள், பிழை திருத்த ஓர் அண்ணாவியார், மாதம் ஒரு மேடை. இவ்வளவு இருந்தால் கிற்றார் பழக வரும் பையனுக்குப் பக்கத்தில் போத்தலும் கரண்டியுமாகச் சிரம்பியடி மூதாட்டி ஒருவரையும் ஆசிரியையாக அமர்த்தலாம். அவருக்கு அதற்குரிய ஊதியமும் கொடுக்கலாம். சுற்றுலாப் பயணிகளுக்கு ஆடிக் காட்டும் வேடிக்கைப் பொருளாக இருப்பதைவிட அது அவருக்கு மதிப்பு. உடப்பின் அம்பாவையும் பக்கீர் பைத்தின் றபானையும் அதே அறைக்குள் அழைத்தால், அங்கே பிறக்கும் இசைக்கு என்ன பெயரிடுவது என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

புலம்பெயர்ந்த தமிழர் ஊருக்குப் பணம் அனுப்பும்போது கோவிலுக்கும் பள்ளிக்கும் அனுப்புகிறார்கள், நல்லதே. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் திருமண மண்டபங்களில் பைலாத் தாளம் எழும்போது கிழவரும் குழந்தைகளும் ஒன்றாக ஆடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தத் தாளத்துக்கு நாம் இன்னும் வாடகை செலுத்தவில்லை. சிரம்பியடிக்கு ஒரு கடன் பாக்கியிருக்கிறது. கிரியோல் வரிகளின் பொருளைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே அதைத் தீர்ப்பது நல்லது.